சும்மா கிடக்கிற மாசம்



மூணு வாரமா எதுவும் எழுதல. உளுந்து பறிச்சு, காயப்போட்டு, அடிச்சு, தூத்தி வீட்டுக்குக் கொண்டாந்து சேர்க்கறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போச்சு. இந்த வருசம் உளுந்து சுமார்தான், அதைப் பத்தித் தனியா எழுதணும். இன்னைக்கு உக்காந்தது வேற விஷயத்துக்கு. உண்மையைச் சொன்னா கோபத்துல உக்காந்திருக்கேன். வார்த்தை கொஞ்சம் தடிச்சு வந்தா பொறுத்துக்குங்க.

போன ஞாயித்துக்கிழமை சொந்தத்துல ஒரு காதுகுத்து. பந்தி முடிஞ்சு திண்ணையில வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம். சென்னையில கம்பெனி வேலை பாக்குற தம்பி ஒருத்தன், எங்க சித்தப்பா மகன், செல்லை எடுத்து எல்லாருக்கும் போட்டோ காட்டினான். ஆபீஸ்ல கூட்டிட்டுப் போன கோல்ஃப் மைதானமாம். கம்பளம் விரிச்ச மாதிரி புல்லு. நல்லாத்தான் இருந்துச்சு.

"பாருங்கண்ணே, ஒரு களை இருக்கா? வருசம் பூரா இப்படியே வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க தையில அறுத்துப்புட்டா ஆனி வரைக்கும் நிலத்தைச் சும்மா போட்டுட்டு டீக்கடையில உக்காந்திருக்காங்க. அப்புறம் விவசாயம் நஷ்டம்னா எப்படிண்ணே?"

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. வயசான பெரியப்பா ஒருத்தர், நாப்பது வருசம் ஏர் பிடிச்ச மனுசன், அவரும் தலையாட்டினார். அதுதான் எனக்கு வலிச்சது. விசேஷ வீடுன்னு நான் வாயைத் திறக்கல. இங்கதான் நம்ம இடம், இங்க சொல்றேன்.

அந்தத் தம்பிக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. துபாய்ல நான் தோட்ட வேலை பாத்தேன்னுதான் எங்க சொந்தத்துல எல்லாருக்கும் தெரியும். நானும் விளக்கிச் சொன்னதில்ல. அது தோட்டம் இல்ல, கோல்ஃப் மைதானம். ஏழு வருசம் அங்க புல்லு வெட்டி, மணல் இழுத்து, குழாய் மாத்தினவன் நான். அவன் போட்டோவுல காட்டின அந்தப் பச்சை எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும். அது பாக்கவே சகிக்காம, நிலம் பூரா ஓட்டையும் மணலுமாக் கிடக்கிற மாசங்கள்ல வருது. அந்த மாசத்துல எவனும் போட்டோ எடுக்க மாட்டான்.

அங்க நம்ம ஊருக்குத் தலைகீழ். குளிர்காலம்தான் ஆட்ட சீசன். அக்டோபர் கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும் கூட்டம். மே வந்தா வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஆடுறவன் ஊரை விட்டுப் போயிடுவான். அப்பதான் எங்களுக்கு வேலையே தொடங்கும். ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் பன்னெண்டரையில இருந்து மூணு மணி வரைக்கும் வெளியில வேலை வாங்கக் கூடாதுன்னு அந்த நாட்டுல சட்டம். அதனால விடியக்காலை நாலு மணிக்கே விளக்கு வெளிச்சத்துல இறங்குவோம்.

முத வருசம் ஜூன் மாசம் நடந்ததை மறக்க முடியாது. கிரீன்னு ஒரு இடம் இருக்கும், கொடி நட்டு குழி வச்சிருக்கிற இடம். அங்க புல்லோட உயரமே மூணு, நாலு மில்லிமீட்டர்தான். செருப்புக் காலோட ஏறினா திட்டு விழும். அப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருந்த இடத்துல ஒரு நாள் காலையில ஒரு மெஷினைக் கொண்டாந்து ஏத்தினாங்க. அடியில வரிசையா உள்ள குடைவான இரும்புக் குழல்கள். தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கிட்டே போகுது. ஒவ்வொரு குத்துக்கும் சுண்டுவிரல் தடிமனுக்கு, மூணு நாலு அங்குல நீளத்துக்கு மண்ணைப் பிடுங்கி வெளியில துப்புது. ஒரு சாண் இடத்துல இத்தனை ஓட்டை. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. யாரோ தப்பான மெஷினைக் கொண்டாந்துட்டாங்கன்னே நெனச்சேன்.

போர்மேன் ஒரு மலையாளி சேட்டன். அவர்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னார். சீசன் பூரா ஆயிரக்கணக்கான கால் மிதிச்சு மண்ணு இறுகிப்போச்சு. மேல பச்சையா இருக்கு, அடியில வேருக்குக் காத்துப் போகல, தண்ணி எறங்கல. செத்த புல்லும் வேருமா மேலாப்புல மெத்தை மாதிரி சேர்ந்து கிடக்கு, அதுல பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதைக் குத்தி எடுத்து, அந்த ஓட்டையில மணலை நிரப்பினாத்தான் அடுத்த வருசம் புல்லு நிக்கும்னார். வெளியில கிடந்த மண்ணு விரலையெல்லாம் அகலச் சவுளால தள்ளி வாரி, மேல மணலைத் தூவி, ஒரு கனமான பாயை இழுத்து இழுத்து ஓட்டைக்குள்ள இறக்கினோம். ரெண்டு வாரத்துக்கு மேல அந்த இடம் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்துச்சு. ஊர்ல தங்கியிருந்த ஒண்ணு ரெண்டு மெம்பருங்க வந்து மூஞ்சியச் சுளிச்சாங்க. ஆனா யாரும் வேலையை நிறுத்தச் சொல்லல.

அது ஒண்ணு மட்டுமில்ல. புல்லைச் செங்குத்தா கீறிவிடுற வேலை, வடிகால் குழாயைத் தோண்டிப் பாக்குறது, உப்பு கழுவ ஒரேயடியாத் தண்ணி விடுறது, மணல் பள்ளத்துல பழைய மணலை வாரிட்டுப் புதுசு கொட்டுறது, ஸ்பிரிங்ளர் தலை ஒவ்வொண்ணாக் கழட்டி மாத்துறது, புல்லு வெட்டுற உருளையைச் சாணை பிடிக்கிறதுன்னு அந்த நாலு மாசம் மூச்சு விட நேரமிருக்காது. சீசன்ல வெட்டுறது, தண்ணி காட்டுறது, குழியை இடம் மாத்துறது அவ்வளவுதான். ஆடுறவன் இல்லாத மாசத்துலதான் ஆளும் அதிகம், செலவும் அதிகம்.

இப்ப என் கேள்வி. அந்த நாலு மாசமும் எங்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா? உண்டு. கொறைச்ச சம்பளம்தான், கம்பெனி ரெண்டு தடவை மாசக்கணக்குல இழுத்தடிச்சதும் உண்டு, அதை நான் மறைக்கல. ஆனா "ஆட்டம் இல்லை, அதனால உனக்குக் கூலி இல்லை"ன்னு ஒரு பேச்சு அங்க கிடையாது. ஆடுறவன் கட்டுற சந்தாவுலேயே ஆடாத மாசத்துச் செலவும் சேர்ந்திருக்கு. பன்னெண்டு மாசத்துக் கணக்கு அது. நம்ம வயலுக்கு அந்தக் கணக்கு போட்டவன் யாரு?

எங்க பெரிய துரை ஒரு ஸ்காட்லாந்துக்காரர். புல்லு படிப்புன்னே தனியாப் படிச்சுட்டு வந்தவர். அவருக்கு எங்க வெயில்ல நின்னா மூஞ்சி தக்காளியாயிடும். டீ குடிக்கிற நேரத்துல அவங்க ஊர்க் குளிர்காலத்தைப் பத்திப் பேசுவார், சேட்டன் எங்களுக்குத் தமிழ்லயும் மலையாளத்துலயும் கலந்து சொல்வார். அங்க புல்லு குளிர்ல வளராது. வளராத புல்லு காயம் பட்டா ஆறாது. அதனால குளிர்காலம் வந்தா வெட்டுற உயரத்தைக் கூட்டிடுவாங்க, கூடுதல் இலை இருந்தாத்தான் கொஞ்சம் வெளிச்சத்தையாவது வாங்கிக்கும்னு. காலையில தரையில பனி உறைஞ்சு கிடந்தா ஒருத்தரையும் உள்ள விட மாட்டாங்க. இலைக்குள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு நிக்கிறப்ப மிதிச்சா உள்ள நொறுங்கிடும், வெயில் ஏறினப்புறம் பாத்தா காலடித் தடம் பூரா கருகி நிக்கும். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், பணம் கட்டிட்டு வந்திருந்தாலும், உருகுற வரைக்கும் வாசல்ல காத்திருக்கணும்.

செயிண்ட் ஆண்ட்ரூஸ்னு ஒரு ஊரு அங்க. கோல்ஃப் ஆட்டத்துக்கே தாய்வீடு மாதிரி. அங்க இருக்கிற பழைய மைதானத்துல ஞாயித்துக்கிழமை ஆட்டமே கிடையாது. உலகத்துல எங்கெங்கேயோ இருந்து ஆட வர்றவங்க வரிசையில நிக்கிற இடம், அதை வாரத்துல ஒரு நாள் பூட்டி வைக்கிறாங்க. பெரிய போட்டி ஏதாவது நடந்தாத்தான் விதிவிலக்கு. ஊர் ஜனம் நாயைக் கூட்டிக்கிட்டு அதுல நடந்து போகும். குளிர்காலத்துல, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும், பந்தைப் புல்லு மேல வச்சு அடிக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு சின்ன மேட்டைத் தூக்கிக்கிட்டு நடக்கணும், அது மேல பந்தை வச்சு அடிக்கணும். அடிக்கும்போது பேர்ந்து போற புல்லு அந்தக் குளிர்ல திரும்ப வராதுங்கறதுக்காக. அங்க மணல் பள்ளத்தோட சுவரைப் புல்லுக் கரணையை வெட்டி, செங்கல் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக் கட்டியிருப்பாங்க. நாலஞ்சு வருசத்துல சரிஞ்சிடும். அதைப் பிரிச்சுக் கட்டுறதும் குளிர்காலத்து வேலைதான். நம்ம அண்டை கழிச்சு வரப்புக்கு மண்ணு அணைக்கிற மாதிரி வச்சுக்குங்களேன்.

இன்னொண்ணு. அந்தக் காலத்துல அங்க மெஷின் ஏது? கடலோர மணல் காட்டுல வளர்ந்த புல்லைக் கடிச்சு ஒட்ட வச்சது ஆடும் முயலும்தான். அதே செயிண்ட் ஆண்ட்ரூஸ்ல 19ஆம் நூற்றாண்டுல மைதானத்தைப் பாத்துக்கிட்ட ஓல்ட் டாம் மாரிஸ்னு ஒருத்தர்தான் புல்லு மேல மணல் தூவுற வேலையைப் பெருசாக் கொண்டாந்தவர்னு துரை அடிக்கடி சொல்வார். எனக்கு அப்பவே சிரிப்பு வரும். ஆடு விட்டு மேய்க்கிறது, இறுகின நிலத்துல மணல் அடிக்கிறது, நிலத்தைக் கொஞ்ச நாள் விட்டு வைக்கிறது. எங்க தாத்தாவுக்கு இதையெல்லாம் யாரும் இங்கிலீஷ்ல சொல்லிக்கொடுக்கல.

நம்ம டெல்டாவுக்கு வருவோம். மேட்டூர் ஜூன் 12ல தொறக்கணும், ஜனவரி 28ல மூடணும். நடுவுல இருக்கிற நாலரை மாசம்தான் இந்தத் தம்பிங்க சொல்ற 'சும்மா'. அந்தச் சும்மாவுல எங்க அப்பா காலத்துல என்னென்ன நடந்துச்சுன்னு கேளுங்க. சம்பா அறுக்கறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே ஈரத்துல உளுந்து, பயறு தெளிச்சிடுவாங்க. அதை எடுத்ததும் சித்திரையில ஒரு மழை பேஞ்சா கோடை உழவு. அடிமண்ணு புரண்டு வெயில்ல கிடந்து, புழுவும் கூண்டும் கோரைக் கிழங்கும் காயும், கொக்கும் மைனாவும் பின்னாடியே பொறுக்கிக்கிட்டு வரும். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிங்க ஆட்டுக்கிடையோட வருவாங்க, ராத்திரிக்கு ராத்திரி வலையை மாத்தி வயல் பூரா கிடை போடுவாங்க. குளத்துல வண்டல் வெட்டி வண்டி வண்டியா அடிப்பாங்க. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வந்து வாய்க்கால் தூர் வாருவாங்க. குடிமராமத்துன்னா அதுதான், டெண்டர் இல்ல. அப்புறம் வரப்பு, மதகு, களத்துமேடு. டீக்கடையில உக்கார எங்கே நேரம்?

அது போச்சு. எப்படிப் போச்சுன்னு பேசும்போது நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லித்தான் ஆகணும். அறுப்புக்கு பெல்ட் வண்டியை ஈரத்துலேயே இறக்குறோம். ஏன்னா அடுத்த நாள் வண்டி கிடைக்காது, மழை வந்துடுமோன்னு பயம். டன் கணக்குல எடை. தெளிச்ச உளுந்து முளைச்சு வர்ற நேரத்துல அது மேலேயே ஓட்டுறோம். முளைச்சது பாதி அங்கேயே சாகும், மிச்சம் இருக்கிறது இறுகின மண்ணுல வேரு விடத் திணறும். நெல்லுக்கு அடியில கொஞ்சம் இறுக்கம் வேணும், தண்ணி நிக்கணும், அது சரி. ஆனா அந்த இறுக்கம் மேலாப்புக்கே வந்துட்டா உளுந்து என்ன செய்யும்? அந்த மைதானத்துல மனுசன் கால் பட்டு இறுகினதுக்கே மெஷின் வச்சுக் குத்தினாங்க. நாம டாங்கி மாதிரி வண்டியை ஓட்டிட்டு, அடுத்த வருசம் யூரியா ஒரு மூட்டை சேர்த்துப் போட்டா சரியாயிடும்னு நெனைக்கிறோம். நானும் போட்டிருக்கேன். பக்கத்து வயலைவிட நம்ம வயல் கருகருன்னு பச்சையா நிக்கணும்னு போட்டு, இலைச்சுருட்டுப் புழுவுக்கு விருந்து வச்சவன்தான் நானும்.

ஆனா எல்லாத்துக்கும் விவசாயி சோம்பேறித்தனம்தான் காரணம்னு சொல்றதை ஒத்துக்க மாட்டேன். கணக்கைப் பாருங்க. கோடை உழவுக்கு டிராக்டர் வாடகை மணிக்கு ஆயிரத்துக்கு மேல. கிடைக்கு கீதாரிக்குக் காசு. வண்டல் அடிக்க அனுமதி இலவசம்னாலும் டிப்பர் வாடகை நம்மதுதான். தக்கைப்பூண்டு விதை, அதை மடக்கி உழுகிற செலவு. இத்தனையும் கைக்காசு, ஒரு மணி நெல்லு கூட விளையாத மாசத்துல. அடுத்த தையில மூட்டை போடும்போது "இவன் கோடையில நிலத்தைப் பாத்துக்கிட்டான், அதுக்கு இந்தா"ன்னு கொள்முதல் நிலையத்துல ஒரு ரூபா சேர்த்துக் கொடுப்பாங்களா? உழுத கூலி, நட்ட கூலி, அறுத்த கூலின்னு செலவைக் கூட்டி விலை கட்டுறாங்க. நிலத்தைச் சும்மா விட்டு ஆத்தின மாசத்துக்குத் தனியா ஒரு பைசா வரி கிடையாது அதுல. நிலத்தைப் பிழிஞ்சவனுக்கும் பேணினவனுக்கும் ஒரே விலை.

இதுல குத்தகைக்காரன் பாடு இன்னும் மோசம். எங்க ஊர்ல பாதி நிலம் வெளியூர்க்காரங்க கையில. வாய்ப்பேச்சுக் குத்தகை, ஒரு வருசத்துக்கு. அடுத்த வருசம் நிலம் உங்கிட்ட இருக்குமான்னே தெரியாதப்ப, உன் காசைப் போட்டு வண்டல் அடிப்பியா? அடிச்சு நிலம் தேறிட்டா அதைச் சொல்லியே குத்தகையை ஏத்துவாங்க. எங்க தெருவுலேயே ஒருத்தருக்கு அப்படி நடந்துச்சு. மூணு வருசம் எரு அடிச்சு, உவர் எடுத்துக் கிடந்த ஒன்றரை ஏக்கரைத் தேத்தினார். நாலாவது வருசம் அந்த நிலம் வேற ஆளுக்குப் போயிடுச்சு. இப்ப அவர் எந்த நிலத்துலயும் ஒரு கூடை எரு கொட்டுறதில்ல. அவரைப் பாத்து நிலத்தைப் பாத்துக்கத் தெரியாதவன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

வாய்க்கால் கதை உங்களுக்கே தெரியும். மாசி, பங்குனியில தண்ணி இல்லாம வறண்டு கிடக்கும்போது யாரும் எட்டிப் பாக்குறதில்ல. மே கடைசியில, தொறக்கப் பத்து நாள் இருக்கும்போது பொக்லைன் வரும். போன வருசம் எங்க வாய்க்கால்ல மேலாப்புலச் சுரண்டி, அந்தச் சேத்தைக் கரையிலேயே கொட்டிட்டுப் போனாரு ஒப்பந்தக்காரர். ரெண்டு மழை பேஞ்சதும் அத்தனையும் திரும்ப உள்ள. கடைமடைக்குத் தண்ணி வந்து சேர ஆடி தாண்டிடுச்சு. சீசன் ஆரம்பிக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடி கிரீனைக் குத்தினா எங்க துரை எங்களை அன்னைக்கே ஊருக்கு ஏத்தி விட்டிருப்பார்.

கோல்ஃப் மைதானத்தைத் தலையில தூக்கி வச்சு ஆடுறேன்னு யாரும் நெனைக்க வேணாம். அங்க நடந்த கூத்து ஒண்ணையும் சொல்லிடறேன். அந்த மைதானத்துப் புல்லு என்னான்னு நெனைக்கிறீங்க? அருகம்புல்லு. பெர்முடான்னு பேரு வச்சிருந்தாங்க. நம்ம வயல்ல கிழங்கோட பிடுங்கி வரப்புல வீசுறோமே, அதோட ஜாதிதான், கொஞ்சம் ஒட்டுக் கலந்து மெலிசாக்கினது. வேற சில மைதானத்துல உப்புத் தண்ணியைத் தாங்கும்னு பாஸ்பலம்னு ஒரு புல்லு போடுவாங்க, அது நம்ம வரகுக்குப் பங்காளி. முத நாள் அந்தப் பெர்முடாவைக் குனிஞ்சு பாத்துட்டு நான் சேட்டன்கிட்ட, "இதைப் பிடுங்கத்தானே எங்க ஊர்ல கூலி கொடுப்பாங்க"ன்னேன். அவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

அந்த அருகு, குளிர் எட்டிப் பாத்தா வளர்றதை நிறுத்தி மங்கிடும். அது அதோட ஓய்வு. ஆனா அப்பதானே சீசன்? பழுப்புப் புல்லுல ஆட வர்றவன் முகம் சுளிப்பானே? அதனால செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல அருகை ஒட்டச் சுரண்டி, கீறி, அது மேல ரை புல்லுன்னு குளிர் நாட்டுப் புல்லு விதையைத் தெளிப்போம். நாத்தங்கால் விதை மாதிரி, அதைவிட நெருக்கமா. ரெண்டு மூணு வாரம் மைதானத்தை மூடி, ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை பூந்தூறலாத் தண்ணி காட்டணும், பாலைவனத்துல. ஒரு வாரத்துல முளைக்கும், பளபளன்னு வரும், அஞ்சு மாசம் போட்டோவுக்கு நிக்கும். திரும்ப வெயில் வந்ததும் செத்துப்போகும். நாங்களும் தண்ணியைக் குறைச்சு, ஒட்ட வெட்டி, அதைச் சாகவிட்டு அருகை எழுப்புவோம். அடுத்த அக்டோபர்ல திரும்ப விதை. கலருக்காக மட்டும் ஒரு பயிரு. கழிவுத் தண்ணியைச் சுத்திகரிச்சுத்தான் பாய்ச்சினாங்கன்னு சொல்லலாம், சரி. அதுக்காக அது நல்ல புத்தியாயிடுமா? ஏழு வருசத்துல ஏழு தடவை விதைச்சேன், ஏழு தடவை சாகடிச்சேன். ஒரு மணி தானியம் இல்ல, மாட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் இல்ல. அந்த நேரத்துல ஊர்ல எங்க நிலம் தண்ணியில்லாம வெடிச்சுக் கிடந்துச்சு. மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. அங்க மருந்து அடிச்சதும் கொஞ்சநஞ்சமில்ல, அதையும் என் கையாலதான் அடிச்சேன்.

அதனால தம்பி, நீ அந்தப் போட்டோவைக் காட்டினப்ப நான் பேசாம இருந்ததுக்குக் காரணம் இதுதான். நீ பாத்துச் சொக்கிப் போனது அந்த மைதானத்தோட ஆகாத பாதியை. பச்சையை. அதுல எடுத்துக்கறதுக்கு ஒண்ணு இருந்துச்சு, அது போட்டோவுல விழாது. ஆட்டம் நின்ன மாசத்தை அவன் வேலை மாசம்னு நோட்டுல எழுதி, அதுக்குப் பணம் ஒதுக்கி, ஆளைச் சம்பளத்தோட வச்சிருந்தான். எவனோ ஒருத்தன் பந்து உருட்டுறதுக்காக அதைச் செஞ்சான். ஊருக்குச் சோறு போடுற நிலத்துக்கு அதைச் செய்யறதுக்கு நம்மகிட்ட நோட்டும் இல்ல, பணமும் இல்ல, "சும்மா"ன்னு ஒரு வார்த்தை மட்டும் இருக்கு. அடுத்த தடவை ஊருக்கு வந்தா செல்லை வீட்ல வச்சுட்டு வா, வாய்க்காலைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்.

போன மாசம் கிராம சபையில நான் மூணு விஷயம் கேட்டேன், மனுவாவும் எழுதிக் கொடுத்தேன். தூர் வார்ற வேலை மாசியிலேயே தொடங்கணும், சேத்தைக் கரையில கொட்டாம வயலுக்கு அடிக்க விவசாயிக்கு விடணும். கோடையில நிலத்தை உழுது பசுந்தாள் போடுறவனுக்கு, அவன் குத்தகைக்காரனா இருந்தாலும், ஏக்கருக்கு இவ்வளவுன்னு நேரா அவன் கையில கொடுக்கணும். குத்தகையை மூணு வருசத்துக்குக் குறையாம எழுத்துல போடணும். மூணாவதைச் சொன்னதும் பின் வரிசையில ரெண்டு பேர் எழுந்து வெளியில போனாங்க. யாருன்னு எழுத மாட்டேன், ஊர்க்காரங்களுக்குத் தெரியும். தலைவர் வாங்கி வச்சுக்கிட்டார். அடுத்த கூட்டத்துல திரும்பக் கேப்பேன்.

என் பங்குக்கு இந்த வருசம் ஆறு மா நிலத்தைக் கோடைக்கு விட்டுட்டேன். போர் தண்ணியை வச்சு மூணாவதா ஒரு போகம் பருத்தி போடச் சொல்லி வீட்லேயே நெருக்கினாங்க. பருத்திக்குக் காசு வரும், இல்லைன்னு சொல்லல. அதனால வீட்ல ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல, பையனோட காலேஜ் பீஸுக்கு வேற வழி பாக்கணும், அது தனிக் கவலை. ஆனா அந்த வடக்கு வயல்ல போன வருசம் மண்வெட்டி போட்டா 'டங்'குனு சத்தம் வந்துச்சு. எனக்கு அந்த மலையாளி சேட்டன் ஞாபகம்தான் வந்தது.

கீதாரி போன் பண்ணினார். ரெண்டு ஊர் தள்ளி வந்துட்டாராம், முந்நூறு ஆடு, நாளைக்குச் சாயங்காலம் இங்க எறங்குவார். மொத ராத்திரி வடக்கு வயல்ல. வலை கட்ட முளைக்குச்சி வெட்டணும், ஆட்டுக்குத் தண்ணித் தொட்டி கழுவணும். கிளம்புறேன். உளுந்துக் கணக்கை அடுத்த வாரம் எழுதுறேன்.